துப்பாக்கிக்கு ஏற்ற முகவரி

மாநிலத்துக்கு மாநிலம் மாறும் சட்டங்கள் அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்களைக் குடிபெயர வைக்கின்றன. ஆனால் போகப்போவதாகச் சொல்பவர்கள் அதிகம், பெட்டி கட்டுபவர்கள் குறைவு.

அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் ஸ்நேக் ஆறு, கொஞ்ச தூரத்துக்கு இரண்டு மாநிலங்களின் எல்லையாக இருக்கிறது. மேற்குக் கரையில் ஓரிகான் மாநிலத்தின் ஆன்டாரியோ என்ற சிறு நகரம். கிழக்குக் கரையில் ஐடஹோ மாநிலம். ஓரிகானில் கஞ்சா விற்பது சட்டப்படி சரி, ஐடஹோவில் குற்றம். எனவே ஐடஹோ நம்பர் பிளேட் மாட்டிய கார்கள் பாலத்தைத் தாண்டி வந்து ஆன்டாரியோவின் கஞ்சாக் கடைகளை வாழவைக்கின்றன.

துப்பாக்கி விஷயத்தில் நிலைமை தலைகீழ். ஐடஹோவாசிகள் 2016 முதல் லைசென்ஸ் எதுவும் இல்லாமலே பிஸ்டலை சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாம். ஓரிகானிலோ 2022 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 114வது தீர்மானம் மயிரிழையில் நிறைவேறியது. இனி துப்பாக்கி வாங்க முதலில் பயிற்சி, கைரேகை, அனுமதிச் சீட்டு வேண்டும். பத்து தோட்டாக்களுக்கு மேல் பிடிக்கும் மேகசின் விற்கக் கூடாது என்றது அது. நீதிமன்ற வழக்குகளில் சிக்கி அது அமலாவது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. ஆனாலும் கிழக்கு ஓரிகானின் பண்ணைக்காரர்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் வந்த கோபம் தணியவில்லை. தீர்மானத்தை ஜெயிக்க வைத்தது போர்ட்லாந்து நகர வட்டாரத்து ஓட்டு. தங்கள் அலமாரியில் இருப்பதை யாரோ நகரத்துக்காரர்கள் தீர்மானிப்பதா என்பது அவர்கள் ஆத்திரம்.

கஞ்சா வேண்டியவருக்குப் பாலத்தைத் தாண்டினால் போதும். (வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவருவது ஐடஹோவில் குற்றம் என்பது தனிக் கதை.) துப்பாக்கிக்கு அந்தச் சுருக்குவழி கிடையாது. 1968ல் வந்த மத்திய அரசின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவர் தான் குடியிருக்கும் மாநிலத்து டீலர் மூலமாகத்தான் கைத்துப்பாக்கி வாங்க முடியும் என்கிறது. வெளி மாநிலத்துக் கடையில் பார்த்துப் பிடித்துப் போனாலும், அது சொந்த ஊர் டீலரிடம் வந்துசேர்ந்து, சொந்த மாநிலச் சட்டத்தின்படிதான் கைக்கு வரும். ரைஃபிள் போன்ற நீளத் துப்பாக்கிகளுக்கு 1986 முதல் கொஞ்சம் தளர்வு உண்டு. ஆனால் அங்கும் இரண்டு மாநிலச் சட்டங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆக, அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கும் உரிமை முகவரியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகவரியை மாற்றிக்கொண்டால் உரிமையும் மாறும்.

இந்திய வாசகருக்கு இது விநோதமாகப் படலாம். இங்கே 1959ம் ஆண்டு ஆயுதச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்று. லைசென்ஸ் தருவதில் கலெக்டருக்குக் கலெக்டர் தாராளம் மாறலாம், சட்டம் மாறாது. பெரிய விதிவிலக்கு குடகு. அங்கே கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸ் தேவையில்லை என்று ஆங்கிலேயர் காலத்தில் தந்த சலுகை இன்றும் தொடர்கிறது. கடைசியாக 2029 வரை நீட்டித்தார்கள். ஆனால் அது பிறப்பாலும் நிலத்தாலும் வரும் சலுகை. பெங்களூரிலிருந்து மடிக்கேரிக்கு வீடு மாறுகிறவருக்குக் கிடைக்காது.

அமெரிக்காவில் வீடு மாறினாலே போதும். 1791ல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது. அது தனிமனிதனின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னதே 2008ல்தான். அதற்குள் ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் சட்டம் போட்டுவிட்டது. 29 மாநிலங்களில் அனுமதிச் சீட்டு இல்லாமலே மறைத்து எடுத்துச் செல்லலாம். வெர்மான்ட்டில் அப்படிப்பட்ட அனுமதிச் சீட்டே என்றும் இருந்ததில்லை. இன்னொரு முனையில் கலிபோர்னியா: வாங்க நினைத்தால் பத்து நாள் காத்திருக்க வேண்டும், தோட்டா வாங்கவும் பின்னணிச் சோதனை, அரசு வெளியிட்ட பட்டியலில் உள்ள கைத்துப்பாக்கி மாடல்களைத்தான் கடையில் புதிதாக விற்கலாம், 2024 ஜூலையிலிருந்து விலையோடு 11 சதவீதத் தனி வரி. இல்லினாயில் 1968 முதல் துப்பாக்கி வைத்திருக்கவே அடையாள அட்டை வேண்டும்.

பழக்கமும் இதே கோட்டில் பிரிகிறது. பியூ ஆய்வு மையம் 2023ல் எடுத்த கணக்கெடுப்பில் 32 சதவீத அமெரிக்கர்கள் தாங்கள் துப்பாக்கி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் ராண்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி மான்டானாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் துப்பாக்கி உள்ள வீட்டில் வாழ்கிறார்கள்; மாசசூசெட்ஸிலும் நியூ ஜெர்ஸியிலும் ஏழில் ஒருவர்.

இப்படிப்பட்ட நாட்டில் வேலை மாற்றலாகி வேறு மாநிலம் போகும் துப்பாக்கிக்காரர், லாரிக்குச் சொல்லும் முன் சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. டெக்சாஸிலிருந்து கலிபோர்னியா போகிறவர் அங்கே சேர்ந்த 60 நாளுக்குள் தன் துப்பாக்கிகளைப் பற்றி மாநில நீதித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதில் ஒன்று அந்த மாநிலம் தாக்குதல் ஆயுதம் என்று வகைப்படுத்திய ரைஃபிளாக இருந்தால் எடுத்துப் போகவே கூடாது. விற்க வேண்டும் அல்லது சொந்த ஊரில் விட்டுவிட வேண்டும். நியூ யார்க் போகிறவர் கைத்துப்பாக்கிக்கு அந்த மாநில லைசென்ஸை வாங்கிய பிறகுதான் வீட்டில் வைத்திருக்கவே முடியும். டிரைவிங் லைசென்ஸ் ஐம்பது மாநிலங்களிலும் செல்லும். துப்பாக்கி எடுத்துச் செல்லும் அனுமதிச் சீட்டு அப்படிச் செல்லாது. இந்த வித்தியாசத்தை மறந்தவர்கள் ஜெயில் வாசலைப் பார்த்திருக்கிறார்கள்.

நியூ ஜெர்ஸியின் இரண்டு வழக்குகளைத் துப்பாக்கிக்காரர்கள் எங்கு கூடினாலும் பேசுகிறார்கள். கொலராடோவில் சட்டப்படி துப்பாக்கி வாங்கியிருந்த ஓர் இளைஞர், மகனின் அருகில் இருப்பதற்காக நியூ ஜெர்ஸிக்குக் குடிவந்தார். 2009 ஜனவரியில் போலீஸ் அவர் காரைச் சோதித்தபோது டிக்கியில் சாமான்களோடு துப்பாக்கிகளும் இருந்தன, தோட்டா நிரப்பாமல். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றும்போது எடுத்துச் செல்ல அந்த மாநிலச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கை நீதிபதி ஜூரிகளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. கிடைத்த தண்டனை ஏழு ஆண்டு. 2010 டிசம்பரில் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார்.

அடுத்தது 2013ல். ஃபிலடெல்ஃபியாவில் வசித்த ஓர் இளம் தாய், பென்சில்வேனியா கொடுத்த அனுமதிச் சீட்டோடும் துப்பாக்கியோடும் காரில் நியூ ஜெர்ஸி எல்லைக்குள் நுழைந்தார். ஏதோ போக்குவரத்து விதிமீறலுக்காகத் தடுத்த போலீஸ்காரரிடம், தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தானே சொன்னார். நேர்மைக்குக் கிடைத்தது கைது. மூன்றரை ஆண்டுக்குக் குறையாத சிறைவாசம் காத்திருந்தது. பெரிய கூச்சல் எழுந்த பிறகு வழக்கு வேறு வழியில் திருப்பப்பட்டு, 2015ல் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். இருவரும் யாரையும் சுடவில்லை, மிரட்டவும் இல்லை. மாநிலம் மாறினார்கள், அவ்வளவுதான்.

யாருக்குமே விருப்பம் இல்லாத இடமாற்றமும் உண்டு. ராணுவத்தினர் உத்தரவு வந்த இடத்துக்குப் போயாக வேண்டும். பணியில் இருக்கும் மாநிலமும் அவர்கள் குடியிருப்பாகக் கருதப்படும் என்று மத்திய சட்டம் சலுகை தருகிறது. ஆனாலும் கலிபோர்னியா, ஹவாய் போன்ற இடங்களுக்கு மாற்றல் வந்தால் சில துப்பாக்கிகள் அப்பா வீட்டுப் பரணுக்குத்தான் போகின்றன.

முகவரி மாற்றத்தைக் கொட்டு முழக்கத்தோடு செய்தவை கம்பெனிகள்தான். 2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் கொலராடோவின் அரோரா நகரில் சினிமா தியேட்டரில் 12 பேர் இறந்திருந்தார்கள். 2013ல் பல மாநிலங்கள் சட்டங்களை இறுக்கின. 15 தோட்டாக்களுக்கு மேல் பிடிக்கும் மேகசினைக் கொலராடோ தடை செய்தபோது, அங்கேயே மேகசின் தயாரித்துவந்த மேக்புல் நிறுவனம் சொன்னபடி மூட்டை கட்டியது: தொழிற்சாலை வயோமிங்குக்கு, தலைமையகம் டெக்சாஸுக்கு. மேரிலாண்டில் இருந்த இத்தாலிய நிறுவனம் பெரெட்டா தன் உற்பத்தியை டென்னசிக்கு மாற்றியது. 1852ல் தொடங்கிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் தலைமையகம் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்தது. சில வகைத் துப்பாக்கிகளை அந்த மாநிலத்தில் தயாரிக்கவே தடை போடும் மசோதா வந்தால் தங்கள் வருவாயில் 60 சதவீதத்துக்கு மேல் பாதிக்கும் என்று சொல்லி, 2021ல் அதுவும் டென்னசிக்குப் போவதாக அறிவித்தது. அங்கே புதிய தலைமையகம் 2023ல் திறந்தது. அதே ஆண்டு மார்ச்சில் அதே மாநிலத்தின் நாஷ்வில் நகரப் பள்ளி ஒன்றில் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள்.

மிகவும் உறுத்துவது ரெமிங்டன் கதை. 1816ல் தொடங்கியது அந்தத் தொழில். நியூ யார்க் மாநிலத்தின் இலியன் என்ற சின்ன ஊர் அந்தத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்தது. தாத்தா, அப்பா, பேரன் என்று தலைமுறையாக அங்கேயே ஷிஃப்ட் பார்த்த குடும்பங்கள் உண்டு. 2024 மார்ச்சில் ஆலையை மூடிவிட்டு நிறுவனம் ஜார்ஜியாவின் லாக்ரேன்ஜுக்குப் போய்விட்டது. பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் செலவு, நியூ யார்க்கின் சட்டச் சூழல் என்று இரண்டையும் காரணமாகச் சொன்னது. ஜார்ஜியாவில் 10 கோடி டாலர் முதலீடு, 856 வேலைகள் என்று முன்பே அறிவித்தாகிவிட்டது. இலியனில் கடைசியாக இருந்த ஏறக்குறைய 270 பேருக்கு அந்த வேலை எட்டாத தூரம். வீடு, வயதான பெற்றோர், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் இலியனில் இருக்க, இயந்திரத்தைப் போல் கழற்றி மாட்ட முடியுமா? துப்பாக்கி செய்தே வாழ்ந்த ஊர் அது. சட்டம் பிடிக்காமல் போனது கம்பெனி. வேலை போனது ஊர்க்காரர்களுக்கு.

ஆனால் மக்கள்? ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் மாறுகிறார்கள். 2022ல் மட்டும் 82 லட்சம் பேர். ஏன் மாறினீர்கள் என்று அரசே ஆண்டுதோறும் கேட்கிறது. புது வேலை, மலிவான வீடு, கல்யாணம், மணமுறிவு, படிப்பு, நல்ல தெரு, பருவநிலை என்று பதில்களுக்குக் கட்டங்கள் இருக்கின்றன. துப்பாக்கிச் சட்டத்துக்குக் கட்டம் இல்லை. அதனால் இரு தரப்பும் இஷ்டம்போல் பேச முடிகிறது. 2022ல் கலிபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்கு 1,02,000 பேர் போனார்கள், எதிர்த்திசையில் வந்தது 42,000 பேர் என்ற கணக்கைக் காட்டி, பார்த்தீர்களா சுதந்திரத்தைத் தேடி ஓடுகிறார்கள் என்கிறார்கள் துப்பாக்கி ஆதரவாளர்கள். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, வீட்டு விலை கலிபோர்னியாவில் பாதிக்கும் கீழே என்பதைச் சொல்ல அவர்களுக்கு மறந்துவிடுகிறது. கடுமையான துப்பாக்கிச் சட்டம் உள்ள மாநிலங்கள் பெரும்பாலும் வீடு கட்டுப்படியாகாத கடற்கரை மாநிலங்களாகவும் இருப்பதால், எது எதைத் துரத்துகிறது என்று பிரிப்பது லேசல்ல.

ஜார்ஜியாவின் கென்னிசா நகரம் இதற்கு நல்ல பாடம். 1981ல் சிகாகோவுக்கு அருகே உள்ள மார்டன் குரோவ் என்ற ஊர் கைத்துப்பாக்கிக்குத் தடை போட்டது. அதற்குப் பதிலடியாகக் கென்னிசா 1982ல் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. மனசாட்சிக்கு ஒவ்வாதவர்கள், வசதியில்லாதவர்கள் போன்றோருக்கு விலக்கு. சட்டம் பெரும்பாலும் பெயருக்குத்தான். அப்போது ஐயாயிரம் பேர் இருந்த ஊரில் 2020ல் 33,000 பேர். துப்பாக்கியால் வந்த செழிப்பு என்பார்கள் சிலர். அட்லாண்டாவிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் உள்ள பல ஊர்கள், அப்படி எந்தச் சட்டமும் போடாமலே, அதே காலத்தில் அதே வேகத்தில் வீங்கின.

கொள்கைக்காக ஊர் மாறுவது எவ்வளவு கஷ்டம் என்பதை நியூ ஹாம்ப்ஷயர் காட்டியது. அரசின் தலையீடு குறைந்த மாநிலம் ஒன்றில் 20,000 பேர் போய்க் குடியேறுவோம் என்று 2001ல் தொடங்கியது 'ஃப்ரீ ஸ்டேட் ப்ராஜக்ட்'. எந்த மாநிலம் என்று 2003ல் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள். துப்பாக்கி, வரி, மக்கள்தொகை என்று எல்லாவற்றையும் அலசி நியூ ஹாம்ப்ஷயரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயோமிங் இரண்டாவது இடம். பரந்த புல்வெளியும் தளர்ந்த சட்டமும் உள்ள வயோமிங்கைவிட, பாஸ்டனின் வேலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் மாநிலம் ஜெயித்தது தற்செயல் அல்ல. 20,000 கையெழுத்து சேர 2016 ஆகிவிட்டது. போய்ச் சேர்ந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான்.

இதிலிருந்து துப்பாக்கிச் சட்டத்துக்கு ஊர் மாற்றும் சக்தியே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது வேலை செய்யும் விதம் வேறு. ஒருவரைக் கையைப் பிடித்து ஐடஹோவுக்கு இழுத்துப்போவது வீட்டு விலையும் ஓய்வூதியமும்தான். ஆனால் பட்டியலில் ஐந்து மாநிலம் இருக்கும்போது நியூ ஜெர்ஸியை முதலிலேயே அடித்துவிட வைப்பது துப்பாக்கிச் சட்டம். ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்கள் போல எங்கு வேண்டுமானாலும் வாழக்கூடியவர்களுக்கு இந்த அடித்தல் பலமாகவே விழுகிறது. மேலும் துப்பாக்கி தனியாக வருவதில்லை. பெரிய வீடு, தள்ளித் தள்ளி அக்கம்பக்கம், சர்ச், குறைந்த வரி என்று ஒரு முழு வாழ்க்கை முறையோடு வருகிறது. பியூ மையத்தின் 2014 ஆய்வில், உறுதியான வலதுசாரிகளில் நால்வரில் மூவர் பள்ளியும் கடையும் தூரமாக இருந்தாலும் பரவாயில்லை, வீடு பெரிதாக, விலகி இருக்க வேண்டும் என்றார்கள். இடதுசாரிகளில் அதே அளவினர் வீடு சிறிதானாலும் நடந்து போகும் தூரத்தில் எல்லாம் வேண்டும் என்றார்கள்.

இந்த மனநிலையை வியாபாரமாக்கியவர்களும் உண்டு. 2011ல் ஜேம்ஸ் வெஸ்லி ரால்ஸ் என்ற எழுத்தாளர் ஐடஹோ, மான்டானா, வயோமிங் மாநிலங்களையும் ஓரிகான், வாஷிங்டன் மாநிலங்களின் கிழக்குப் பகுதியையும் சேர்த்து 'அமெரிக்கக் கோட்டை' என்ற பொருளில் பெயர் சூட்டி, ஒத்த கருத்துள்ளவர்களைக் குடிவரச் சொன்னார். அங்கே இன்று வீட்டுத் தரகர்கள் கிணறு, விறகு, சோலார், வேட்டைக்காடு என்று விளம்பரம் செய்து மனை விற்கிறார்கள். 2017ல் கலிபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்த பால் சாபட் என்ற குடியரசுக் கட்சிக்காரர், வலதுசாரிக் குடும்பங்களுக்கு ஊர் மாற உதவ 'கன்சர்வேட்டிவ் மூவ்' என்ற தரகு நிறுவனமே தொடங்கினார். ஐடஹோ மாநில அரசு 2024ல் காட்டிய வாக்காளர் கணக்கின்படி, வெளியிலிருந்து வந்து பதிவு செய்தவர்களில் மூவரில் இருவர் அளவுக்குக் குடியரசுக் கட்சியினர். கலிபோர்னியாக்காரன் வந்து ஊரைக் கெடுக்கிறான் என்று புலம்பும் ஐடஹோவாசிகளுக்கு, வந்தவர்கள் தங்களைவிடத் தீவிரமானவர்கள் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

வீட்டை நகர்த்துவதற்குப் பதிலாக எல்லையை நகர்த்தினால் என்ன என்று யோசித்தவர்களும் இருக்கிறார்கள். 2019 நவம்பரில் வர்ஜீனியா சட்டசபை ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தது. துப்பாக்கிச் சட்டங்கள் வரப்போகின்றன என்று தெரிந்ததும் நூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்களும் நகரங்களும் தங்களைத் துப்பாக்கி உரிமையின் சரணாலயம் என்று அறிவித்தன. 2020 ஜனவரி 20 அன்று தலைநகர் ரிச்மண்டில் சுமார் 22,000 பேர் திரண்டார்கள், பலர் தோளில் ரைஃபிளோடு. அடுத்த வாரமே மேற்கு வர்ஜீனியா கவர்னர் ஜிம் ஜஸ்டிஸ், அதிருப்தியில் உள்ள மாவட்டங்கள் தங்களோடு சேர்ந்துகொள்ளலாம் என்று அழைப்பு விடுத்தார். 1863ல் உள்நாட்டுப் போரின் நடுவே வர்ஜீனியாவிலிருந்து பிரிந்த மாநிலம்தான் மேற்கு வர்ஜீனியா. எந்த மாவட்டமும் போகவில்லை. சட்டங்கள் நிறைவேறின. கிழக்கு ஓரிகானிலும் இதே ஆசை உண்டு: 13 மாவட்டங்களில் ஐடஹோவோடு இணைவது பற்றிய தீர்மானங்கள் ஜெயித்திருக்கின்றன. ஆனால் இரண்டு மாநிலச் சட்டசபைகளும் வாஷிங்டனில் காங்கிரஸும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது நடக்கும்வரை காத்திருக்க முடியாதவருக்கு லாரிதான் வழி.

எதிர்த்திசையில் போகிறவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் அனுமதிச் சீட்டு தேவையில்லை. 2022 மே மாதம் அங்கே உவால்டே நகரத்தின் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். டல்லாஸ் பகுதியின் பிளேனோ, ஃபிரிஸ்கோ நகரங்களில் குடியேறியுள்ள ஏராளமான இந்தியக் குடும்பங்கள் பள்ளியின் தரத்தையும் வீட்டு விலையையும் பார்த்துத்தான் வந்தார்கள். சட்டத்தைப் பார்த்து அல்ல. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டமே அனுமதிப்பதில்லை. அவர்கள் கவலை வேறு. பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம்மூர்ப் பெற்றோருக்குக் கூச்சமான கேள்விதான்.

துப்பாக்கி வைத்திருப்பதற்கு முக்கியக் காரணம் பாதுகாப்பு என்று உரிமையாளர்களில் 72 சதவீதத்தினர் பியூ மையத்திடம் சொன்னார்கள். அப்படியானால் ஊர் மாறிப் போகிறவர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கிறதா? 2021ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் மிசிசிப்பியில் லட்சத்துக்கு 33.9 பேர், மாசசூசெட்ஸில் 3.4 பேர். பத்து மடங்கு வித்தியாசம். இதைக் கேட்டால் துப்பாக்கிக்காரர்கள் நியூ ஹாம்ப்ஷயரையும் ஐடஹோவையும் காட்டுவார்கள்: சட்டமும் தளர்வு, கொலையும் குறைவு. உண்மைதான். சிகாகோவைக் காட்டுவார்கள்: சட்டம் கடுமை, கொலை அதிகம். அதுவும் உண்மைதான். ஆனால் சிகாகோவில் குற்றங்களோடு தொடர்புடையதாகக் கண்டெடுத்த துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் வெளி மாநிலத்தில் வாங்கியவை, ஐந்தில் ஒன்று எல்லை தாண்டியுள்ள இந்தியானாவிலிருந்து வந்தது என்று அந்த நகரமே 2017ல் கணக்குக் காட்டியது. சட்டத்தை மதிப்பவரைத்தான் எல்லைக்கோடு நிறுத்துகிறது.

கொலைக் கணக்கில் மறைந்துபோகும் இன்னொரு கணக்கு தற்கொலை. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2020ல் வெளிவந்த ஆய்வில், கைத்துப்பாக்கி சொந்தமாக உள்ள ஆண்கள், இல்லாத ஆண்களைவிடத் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது ஏறக்குறைய எட்டு மடங்கு. பெண்களிடையே 35 மடங்கு. தற்கொலை விகிதத்தில் முன்வரிசையில் நிற்பவை வயோமிங்கும் மான்டானாவும். தனிமை, நீண்ட குளிர்காலம், மருத்துவர் தூரம் என்று காரணங்கள் பல. கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி என்பதும் அதில் ஒன்று. நகரத்துத் திருடனுக்குப் பயந்து மலையடிவாரத்தில் வீடு வாங்கும் ஓய்வு பெற்ற மனிதருக்கு, வீட்டுத் தரகர் இந்தக் கணக்கைச் சொல்லப்போவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, தேடிப்போன சட்டம் அங்கேயே நிற்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. 2022 ஜூனில் நியூ யார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தகுந்த காரணம் காட்டினால்தான் அனுமதிச் சீட்டு என்ற விதியைச் செல்லாததாக்கியது. நியூ யார்க், நியூ ஜெர்ஸி, கலிபோர்னியா உள்ளிட்ட ஆறு மாநிலங்கள் ஒரே நாளில் வழி மாற வேண்டியதாயிற்று. இந்தக் காரணத்துக்காகவே நியூ யார்க்கை விட்டுப் போனவர், பொறுத்திருந்தால் வீட்டு வாசலிலேயே உரிமை வந்திருக்கும். (அடுத்த வாரமே நியூ யார்க் புதுச் சட்டம் போட்டு, டைம்ஸ் சதுக்கம், சுரங்க ரயில் என்று துப்பாக்கி கூடாத இடங்களை வரிசையாக அறிவித்தது வேறு.) இன்னொரு பக்கம் வாஷிங்டன் மாநிலம் 2023ல் தாக்குதல் ரக ரைஃபிள் விற்பனையைத் தடை செய்தது. இல்லினாயும் அதே ஆண்டு ஜனவரியில் செய்தது. முந்தைய ஜூலை 4 அன்று ஹைலாண்ட் பார்க் ஊர்வலத்தில் ஏழு பேர் சுடப்பட்டு இறந்ததன் விளைவு அது.

கொலராடோ இதில் எல்லாரையும் மிஞ்சுகிறது. வேட்டையும் பனிச்சறுக்கும் உள்ள துப்பாக்கி மாநிலமாக ஒரு காலத்தில் அறியப்பட்டது. 2013 சட்டத்துக்கு ஆதரவளித்த இரண்டு செனட்டர்களை அந்த ஆண்டு செப்டம்பரிலேயே வாக்காளர்கள் திருப்பி அழைத்துப் பதவியிழக்கச் செய்தார்கள். சட்டம் போகவில்லை. டென்வரைச் சுற்றி மக்கள்தொகை பெருகப் பெருக, மேலும் சட்டங்கள் வந்தன. மேகசினைக் கழற்றி மாட்டும் பல வகை அரைத் தானியங்கித் துப்பாக்கிகளை வாங்க முன்கூட்டியே தகுதிச் சோதனையும் பயிற்சியும் கட்டாயம் என்று 2025 ஏப்ரலில் கவர்னர் ஜாரெட் போலிஸ் கையெழுத்திட்டார்; அமலாகும் தேதி 2026 ஆகஸ்ட் 1. மேக்புல் தொழிற்சாலை போய்ச் சேர்ந்த வயோமிங்கின் ஷெயன் நகரம் கொலராடோ எல்லையிலிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லை. வடக்குக் கொலராடோவில் வீடு வைத்திருப்பவர் காலையில் காரை எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே ஒரு துப்பாக்கிக் கடையில் நிற்கலாம். கைத்துப்பாக்கி ஒன்றைக் காட்டச் சொன்னால் கடைக்காரர் காட்டுவார். விற்பதற்கு முன் எந்த மாநிலத்து முகவரி என்று கேட்பார்.